தொழிலாளரின் ஆசிரியர் திரு. வி. க.

1925-ம் ஆண்டு நவம்பரில் காஞ்சிமாநகரில் கூடிய தமிழ் மாகாணக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் திரு. வி. கலியாணசுந்தரனார். அவரைத் தேசபக்தரென நாடறியும். தொழிலாளரின் ஆசிரியராகவும் அவரை நாம் போற்றுதல் வேண்டும்.

1883-ல் செங்கற்பட்டு ஜில்லாத் துள்ளம் கிராமத்தில் பிறந்த அவர், இராயப்பேட்டை வெஸ்லியன் பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே உபாத்தியாயரானார். 1917-ல் அவ்வேலையைத் துறந்து ‘தேசபக்தன்’ தினசரியின் ஆசிரியப் பொறுப்பேற்றார். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. தலைவர் வாடியா ஆங்கிலத்தில் பேசுபவர். உபதலைவர்களுள் ஒருவரான நம் திரு. வி. க.வோ ஆலைத் தொழிலாளருக்கு அவர்தம் உரிமைகளை இனிய தமிழில் எடுத்தோதினார். பள்ளிச் சிறுவருக்குக் கற்பித்த நா, உழைப்பாளருக்குப் பயன்பட்டது. 1921-ல் கவர்னர் வில்லிங்டன் நாடுகடத்துவதாக அச்சுறுத்தியும் அவர் அஞ்சினாரல்லர்.

அவர் தொடங்கிய கல்வி முற்றுப்பெற்றதா? காஞ்சி நெசவாளர் பட்டையும் சரிகையையும் எடைபோட்டு வாங்குகின்றனர். சேலையையும் எடைபோட்டே ஒப்புவிக்கின்றனர். கூலியும் முன்பணமும் ஏட்டில் ஏறுகின்றன. அவ்வேட்டைப் படிக்கவும் கூட்டிக் கழிக்கவும் அறியாதவர், தம் உழைப்பின் பயனுக்குப் பிறர் வாய்ச்சொல்லையே நம்பியிருத்தல் நேரும். உரிமை முழக்கம் அவர் செவியில் விழுந்தும் கைக்கு எட்டாது.

பார்வை மங்கிய முதுமையிலும் பிறரைக்கொண்டு எழுதுவித்து நூலியற்றிய அப்பெரியார் 1953 செப்டம்பர் 17-ல் மறைந்தார். தறி ஓய்ந்த மாலையில், தறிக்கூடத்திலேயே, எழுத்தறியா நெசவாளருக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தேச ஊழியர் முன்வருவாராக! அதுவே அவருக்கு நாம் நிறுவத்தக்க ஞாபகச் சின்னமாகும்.