பாலபாடம் தந்த பெருந்தகை ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர்

சமய வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையில் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. கடவுள் யார், விபூதியை எவ்வாறு தரித்தல் வேண்டும், கோயிலுக்குள் எதனைச் செய்தல் கூடாது என்று ஆசிரியர் ஒவ்வொன்றாக வினவ, பிள்ளைகள் ஒரே குரலில் விடை கூறுகின்றனர். சைவ உலகில் இக்காட்சி மிகவும் பழகிப்போன ஒன்று. ஆயினும், சைவப் பிள்ளைகளுக்கென்று அச்சிட்ட பாடப்புத்தகம் எதுவும் இல்லாத காலமும் ஒன்று இருந்தது. அந்தக் குறையை உணர்ந்து, அதனைப் போக்குவதற்கே தம் வாழ்நாளை ஒப்படைத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் ஆவார்.

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய மகனாகத் தோன்றினார். ஆறுமுகம் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் தமிழ் வல்லவர், நாடகங்கள் இயற்றியவர். அவர் எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற நாடகம் ஒன்றைச் சிறுவனாயிருந்த ஆறுமுகமே எழுதி நிறைவு செய்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் கற்பதற்காக, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய பள்ளியிற் சேர்ந்தார். இப்பள்ளியே பிற்காலத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர்பெற்றது. ஏறத்தாழ இருபது வயதில் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

அக்கால யாழ்ப்பாணத்தின் கல்வி நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் அங்கு வந்து சேர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலை ஒன்றை நிறுவினர். வெஸ்லியன் மிஷனாரும் அங்கிலிக்கன் மிஷனாரும் தத்தம் பள்ளிகளைத் திறந்தனர். அப்பள்ளிகளில் வகுப்பு முறை இருந்தது, கால அட்டவணை இருந்தது, அச்சிட்ட புத்தகம் இருந்தது. ஆங்கிலம் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. மறுபுறம், சைவர்களின் திண்ணைப் பள்ளிகளில் ஏட்டுச் சுவடியே பாடநூல். பிள்ளைகள் நிகண்டையும் நீதி நூல்களையும் பொருள் விளங்குவதற்கு முன்பே மனனம் செய்தனர். சைவ சித்தாந்தமோ செய்யுளுக்குள்ளும் உரைக்குள்ளும் அடங்கிக் கிடந்தது. அதனைப் பெரியோரே முயன்று கற்க வேண்டியிருந்தது. ஆகவே, திருநீறு பூசிய நெற்றியோடு மிஷன் பள்ளிக்குச் சென்ற பிள்ளை, பிற சமயத்தின் பாடத்தைத் தெளிவாகவும் முறையாகவும் கற்றுவந்தான். தன் வீட்டுச் சமயத்தைப் பற்றி ஒருவர் வினவினால், அவனிடத்தில் விடை இருக்கவில்லை.

இந்த வேளையிற்றான் பேர்சிவல் பாதிரியார் கிறிஸ்தவ வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபட்டார். அப்பணியில் அவருக்கு உற்ற துணையாயிருந்தவர் ஆறுமுகம் அவர்களே. மொழிபெயர்ப்பை அறிஞர்கள் முன் வைப்பதற்காக இருவரும் சென்னைக்குச் சென்றனர் என்றும், மழவை மகாலிங்கையர் அதன் தமிழை மெச்சினார் என்றும் அறிகின்றோம். அந்நூல் 1850இல் வெளிவந்தது. சைவம் காத்த பெரியார் பைபிளுக்குத் தமிழ் செய்தாரா என்று நம்மவருட் சிலர் இதனைக் கூறக் கூசுவதுண்டு. கூச வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஒரு சமயத்தின் நூலை எளிய வசனத்தில் எழுதுவது எப்படி, எழுதியதைப் பலர் கண்ணிற்காட்டித் திருத்துவது எப்படி, அதனை அச்சேற்றி ஏழை எளியவர் கையிலும் சேர்ப்பது எப்படி என்பனவற்றை அவர் கற்றது அந்த மேசையிலேதான். மேடையில் நின்று மிஷனரிமாரைக் கண்டித்தவர் அக்காலத்தில் வேறு சிலரும் உண்டு. அவர்கள் பயன்படுத்திய கருவியைக் கையில் எடுத்துப் பழகியவர் இவரே.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதன் பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடைபெற்றது. நண்பர் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் அத்தொண்டில் உடனிருந்தார். ஆயினும், பிரசங்கம் கேட்டுச் செல்லும் பெரியோர் மனம் மாறினாலும் அவர்தம் பிள்ளைகள் மறுநாட் காலையில் மிஷன் பள்ளிக்கே செல்கின்றனர் என்பதை அவர் கண்டார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மிஷன் பள்ளியின் உத்தியோகத்தையும் துறந்தார். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த சம்பளத்தை இருபத்தைந்து வயதில் விட்டு விலகுவது எத்துணைப் பெரிய காரியம் என்பதைச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துவோர் நன்கு அறிவர். அவர் இல்லறத்தையும் வேண்டாது நைட்டிகப் பிரமசாரியாகவே வாழ்ந்தார்.

பள்ளி திறந்தாயிற்று, பிள்ளைகளும் வந்தனர். எதை வைத்துக் கற்பிப்பது? மிஷன் அச்சுக்கூடத்துப் புத்தகத்தை வைத்துச் சைவம் கற்பிக்க இயலாது. ஏட்டுச் சுவடியை வைத்து வகுப்பு நடத்தினால் பழைய திண்ணைப் பள்ளியே மீண்டும் வரும். ஆதலின், 1849இல் அச்சியந்திரம் வாங்கும் நோக்கத்தோடு தமிழகம் புறப்பட்டார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்திலே அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். அன்று முதல் அப்பட்டமே அவரது பெயராயிற்று. சென்னையிலிருந்து அச்சியந்திரத்தோடு திரும்பி, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்.

அந்த யந்திரசாலையிலிருந்து 1850ஆம் ஆண்டு தொடங்கிப் பாலபாடங்கள் வெளிவரலாயின. படிப்படியாக ஏறிச் செல்லும் வரிசை அது. எழுத்தில் தொடங்கிச் சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்திற்கும், வாக்கியத்திலிருந்து நீண்ட பாடத்திற்கும் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துச் செல்கின்றன. மேல் வகுப்புக்குரிய நான்காம் பாலபாடத்தில் கடவுள், ஆன்மா, கல்வி, கொலை, களவு, கள்ளுண்ணல், பொய் முதலிய பொருள்கள் பற்றிய வசனங்கள் அமைந்துள்ளன. இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எழுத்தறிவுக்கு ஒரு புத்தகம், சமயத்துக்கு வேறொரு புத்தகம் என்று அவர் முற்றாகப் பிரித்துவிடவில்லை. தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளை, வாசிக்கும்போதே ஒழுக்கத்தையும் சிவபக்தியையும் கற்றுவிடுகின்றது. மிஷன் பள்ளிகளின் வாசகங்களும் இதே முறையில் அமைந்தவையே.

மொழிநடையிலும் அவர் செய்தது பெரிய மாற்றம். செய்யுளைப் போல் சொற்களைப் புணர்த்தி இறுக்கி எழுதினால் பிள்ளைக்கு விளங்காது. எனவே, சந்தியை வேண்டிய இடத்தில் நெகிழ்த்திச் சொற்களைப் பிரித்துக் காட்டினார். மேனாட்டு நூல்களிற் கண்ட காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி முதலிய குறியீடுகளைத் தமிழ் வசனத்தில் ஒழுங்காக ஆண்டார். அச்சுப் பிழை அவருக்கு ஆகாது. இலக்கணம் வழுவாத, அதே சமயம் வாசித்த அளவிலே பொருள் தரும் வசனம் அவ்வாறுதான் உருவாயிற்று. பிற்காலத் தமிழ் உரைநடையைப் பற்றிப் பேசுவோர் எவரும் அவரை விட்டுப் பேசுவதில்லை. அவரோ உரைநடை வளர்ப்பதற்காக எழுதவில்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே எழுதினார்.

பாலபாடத்தின் உடன்பிறப்பு சைவ வினாவிடை. அதன் முதற்புத்தகம் கடவுள், புண்ணிய பாவம், விபூதி, சிவமூல மந்திரம், நித்திய கருமம், சிவாலய தரிசனம், தமிழ் வேதம் என ஏழு இயல்களாக அமைந்தது. இளம் பிள்ளை அறிய வேண்டியவை இவையே என அவர் வரையறுத்தார். இரண்டாம் புத்தகமோ பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளிலே தொடங்குகின்றது. சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கிலும் விரிந்து கிடக்கும் தத்துவத்தை ஒரு மாணவன் வாய்விட்டுச் சொல்லக்கூடிய விடையாகச் சுருக்குவது எளிதான வேலையன்று. பொருளை நன்கு செரித்தவருக்கே அது கைகூடும். வினாவிடை என்னும் வடிவமும் மிஷனரிமார் கையாண்டதே. உள்ளே வைத்த பொருள் நம்முடையது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்துச் சைவர்களோடு இந்நூலும் கடல் கடந்து வந்தது.

சமய நூல்களோடு அவர் நின்றுவிடவில்லை. இலக்கணச் சுருக்கமும் இலக்கண வினாவிடையும் எழுதினார். இலங்கைப் பூமி சாத்திரம் என்றொரு நூலும் எழுதினார். தான் வாழும் தீவைப் பற்றியும் பிள்ளை சைவப் பள்ளியிலேயே கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். 1852இல் பெரியபுராண வசனம் வெளிவந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களாலாகிய சேக்கிழார் பெருமானின் நூலை வசனமாக்கியதனால், செய்யுள் கற்காத இல்லத்தரசியும் நாயன்மார் சரித்திரத்தை வாசிக்கலாயிற்று.

பணமே என்றும் அவருக்கு இடராக இருந்தது. அரசாங்கத்தின் உதவி நன்கொடை மிஷன் பள்ளிகளுக்கு எளிதிற் கிடைத்தது. சைவப் பள்ளிக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. அவ்வாறிருந்தும் 1864இல் சிதம்பரத்திலே மற்றொரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1872இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையைத் திறந்தார். பெற்றோர் நாடுவது ஆங்கிலத்தையே. அதனைச் சைவச் சூழலிற் கொடுக்காவிட்டால் பாலபாடம் எத்துணைச் சிறந்ததாயினும் பிள்ளைகள் வேறிடம் செல்வர் என்பதை அவர் சரியாகவே கணித்தார். எனினும், போதிய பொருளின்றி அப்பள்ளி நான்கு ஆண்டுகளளவில் மூடப்பட்டது. புகழ்ந்தவர் பலராகவும் பணம் கொடுத்தவர் சிலராகவும் இருந்த காலம் அது.

நாவலர் அவர்கள் எவருக்கும் அஞ்சாதவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நடைமுறைகள் ஆகம விதிக்கு ஒவ்வாதன என்று 1870களிலே அச்சிட்டே கண்டித்தார். கோயில் நிருவாகத்தில் உள்ளோர் இன்று படித்தாலும் சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்யும் எழுத்து அது. இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் குறித்து எழுந்த வழக்கு மன்றம் வரை சென்றது. அதிலே இரு தரப்பு அன்பரும் இன்றும் ஒன்றுபடவில்லை. மேலும் ஒன்றை மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். சாதி ஆசாரத்தில் அவர் தம் காலத்தைக் கடக்கவில்லை. அவர் எழுதிய நூல்களிலும் அதன் சுவடு உண்டு. எல்லாச் சைவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரும் வகுப்பறை அவர் காலத்தில் அமையவில்லை. அதற்கு வேறு பலர் பின்னர்ப் பாடுபட வேண்டியிருந்தது. இக்காலத்து ஆசிரியர் அவர் நூலை எடுக்கும்போது இதனை மனத்திற்கொண்டே எடுக்கின்றனர்.

1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் கொடிய பஞ்சம் வந்தது. நாவலர் அவர்கள் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் உயிர் காத்தார். அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையின் போக்கையும் வெளிப்படையாகக் கண்டித்தார். 1879இல் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியை நியமிக்கும் பேச்சு எழுந்தபோது, இளைஞராயிருந்த பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை ஆதரித்து நின்றார். அதுவே அவருடைய இறுதிப் பொதுப்பணி எனலாம். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், ஐம்பத்தேழு வயது நிறைவதற்குப் பதின்மூன்று நாட்கள் இருக்கையில், சிவபதம் எய்தினார்.

அச்சியந்திரசாலையும் வித்தியாசாலைகளும் அவருடைய மாணாக்கர் சதாசிவப்பிள்ளை முதலியோர் பொறுப்பில் தொடர்ந்தன. மூடப்பட்ட ஆங்கிலப் பள்ளியை அவர் வழிவந்தோர் மறக்கவில்லை. 1888இல் யாழ்ப்பாணத்திலே சைவபரிபாலன சபை தோன்றியது. ஈராண்டு கழித்து, 1890இல், வண்ணார்பண்ணையில் நடந்துவந்த ஆங்கிலப் பள்ளியொன்றை அச்சபையார் தம் பொறுப்பில் எடுத்து இந்து உயர்நிலைப் பள்ளியாக நடத்தினர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்று வளர்ந்தது அப்பள்ளியே.