ஆனந்தரங்கர் கற்பிக்கும் ஆவணப் பணி

ஆவணக் காப்பாளர் என்றதும் தூசி படிந்த காகிதக் கட்டுகளே நம் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பணிக்கு வேண்டிய திறமைகளைப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்வில் நாம் காணலாம்.

1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த இவரது குடும்பம் வணிகத்திற்காகப் புதுச்சேரியில் குடியேறியது. 1747-இல் ஆளுநர் துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாசியாக உயர்ந்தார். 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். 1739-இல் நமது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானதும் அந்தக் காலத்தில்தான். கப்பல் வரவு, வணிகம், வழக்கு, போர் என்று கண்டதையும் கேட்டதையும் நாள், கிழமையோடு குறித்து வைத்தார். 1761 சனவரியில் அவர் மறைந்தார். சில நாட்களிலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

ஏடுகள் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1846-இல் கலுவா மோம்பிரேன் அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் என்பவர் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகம் சேர்ந்தது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஆயினும் இடையிடையே சில பகுதிகள் கிடைக்கவில்லை. படியெடுப்பவர் வராதிருந்தால் எவ்வளவு இழந்திருப்போம்!

பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சி, மூலத்தையும் படியையும் ஒப்பிடும் பொறுமை, தாள்களின் வரிசையைக் கலைக்காத ஒழுங்கு ஆகியவை ஆவணக் காப்பாளருக்கு வேண்டும். இவற்றிற்கும் மேலானது நேர்மை. ஆனந்தரங்கருக்கு முன் துபாசியாக இருந்தவர் கத்தோலிக்கரான கனகராய முதலியார். இருவருக்கும் போட்டி இருந்தது. ஆகவே நம்மவரைப் பற்றிய கசப்பான வரிகளும் அந்த நாட்குறிப்பில் உண்டு. அவை நம் மனத்தை வருத்தலாம். ஆனாலும் அவற்றை அழிக்கவோ திருத்தவோ காப்பாளருக்கு உரிமையில்லை. எழுதியவர் யார், அவருக்கு யாரோடு பகை என்று அறிந்து படிப்பதே முறை.

நம் பங்குகளிலும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் உள்ளன. காரைக்கால் குடும்பங்கள் பலவற்றில் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புச் சான்றுகளும் உண்டு. கடற்காற்றின் ஈரமும் கரையானும் அவற்றின் பகைவர்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். லேமினேஷனும் செய்ய வேண்டாம். உலர்ந்த இடத்தில் வைப்போம். படமெடுத்து வேறோர் இடத்திலும் பாதுகாப்போம். பழைய புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயர்களை, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.