காரைப் பிரித்துப் படித்த சிறுவன்

நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து நகரம். அங்கே ஒரு பெட்ரோல் பங்க். கூடவே மோட்டார் பட்டறை. அதன் சொந்தக்காரர் மகன்தான் புரூஸ் மெக்லாரன். பிறந்தது 1937-ல்.

ஒன்பது வயதில் இடுப்பு எலும்பில் நோய் வந்தது. சுமார் இரண்டு வருஷம் படுத்த படுக்கை! எழுந்தபோது, இடது கால் குட்டையாகி இருந்தது. பெற்றோர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

தகப்பனார் லெஸ், 1929-ம் வருஷத்து ஆஸ்டின் பந்தயக் கார் ஒன்றை வாங்கி வந்தார். தகப்பனும் மகனும் அதைப் பழுது பார்த்தார்கள். பிஸ்டன் ஏன் மேலும் கீழும் போகிறது? கியரை மாற்றினால் சக்கரத்தின் வேகம் ஏன் மாறுகிறது? மற்றப் பிள்ளைகள் புத்தகத்தில் படமாகப் பார்த்ததை, இவன் எண்ணெய்ப் பிசுக்கோடு கையில் பிடித்துப் பார்த்தான். பள்ளிப் பருவத்திலேயே அந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டினான்.

பிறகு என்ஜினீயரிங் படித்தார். 1958-ல் உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்றார். மறுவருஷம் அமெரிக்க கிராண்ட் பிரீ பந்தயத்தில் வெற்றி. வயது 22! 1963-ல் சொந்தக் கம்பெனி. 1968-ல் தம் பெயர் கொண்ட காரையே ஓட்டி, பெல்ஜியத்தில் ஜெயித்தார்.

1970 ஜூன் 2. இங்கிலாந்தில் குட்வுட் மைதானம். புதுக் காரைச் சோதித்து ஓட்டினார். திடீரென்று பின்பக்க மூடி கழன்றது. பாயும் காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தி வைத்திருந்த பகுதி அது. அது போனதும் சக்கரங்களின் பிடி தளர்ந்தது. கார் தறிகெட்டு ஓடி மோதியது. 32 வயதில் உயிர் போயிற்று.

சிறு வயதில் அவர் பழுது பார்த்த ஆஸ்டின் கார், இங்கிலாந்தில் மெக்லாரன் கம்பெனியின் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.