மலையை அளந்த ராதாநாதர்

உலகத்திலேயே உயர்ந்த சிகரத்தின் பெயரைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால், எவரெஸ்ட் என்னும் பெயருக்குரிய துரை அச்சிகரத்தை அளந்தவரல்லர் என்பதையும், அதை அளந்த கணக்கில் முன்னின்ற ஒரு பாரத புத்திரர் உண்டென்பதையும் அறிந்தோர் எத்தனை பேர்? ராதாநாத் சிக்தாரின் சரித்திரத்தை நமது இளைஞர்கள் அறிய வேண்டுவது அவசியமென்று கருதுகிறோம்.

1813-ல் கல்கத்தாவில் ஜோராசாங்கோவில் பிறந்த ராதாநாதர், ஹிந்து கலாசாலையில் டெரோஸியோவின் மாணவர் கோஷ்டியில் வளர்ந்தார். கணித சாஸ்திரத்தில் அவருக்கிருந்த தேர்ச்சியைக் கண்டு, 1831-ல் ஜார்ஜ் எவரெஸ்டின் சர்வே இலாகா அவரைக் கணக்கராக அமர்த்திக்கொண்டது. 1802-ல் நமது பரங்கிமலைக்கருகே லாம்டன் ஆதாரக்கோடு அளந்து துவக்கிய பெருவேலையே அது.

மலையின் உயரத்தை அறிய வழிகள் பல. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால், பாரமானியில் பாதரசம் இறங்குவதைக் கொண்டு கணிக்கலாம். தண்ணீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிப்பதைக் கொண்டும் மதிப்பிடலாம். ஆனால், இவ்விரண்டிற்கும் மலைமீது ஏறி நிற்க வேண்டும். பதினைந்தாம் சிகரமென்று அக்காலத்தில் இலக்கமிடப்பட்ட அம்மலையோ அந்நியர் நுழைய இயலாத நேபாள எல்லையில் நின்றது. ஆகையால், நூறு மைலுக்கப்பால் பீஹார் சமவெளியில் தியோடலைட் கருவியை நிறுத்தி, நிக்கல்ஸன் 1849-50-ல் கோணங்களை அளந்தார். நீளம் தெரிந்த ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் சிகரத்தை நோக்கும் கோணங்கள் தெரிந்தால் அதன் தூரம் கிடைக்கும்; தூரத்துடன் ஏற்றக்கோணமும் சேர்ந்தால் உயரம் கிடைக்கும்.

கேட்பதற்கு எளிது, கணக்கோ மிகக் கடினம். அத்தூரத்தில் பூமியின் வளைவு ஒன்றே ஏறத்தாழ 8,000 அடியை மறைத்துவிடும். காற்றில் ஒளி வளைந்து வருவதால் சிகரம் உள்ளதைவிட உயரமாய்த் தோன்றும். இவற்றையெல்லாம் திருத்திக் கணிப்பதே தலைமைக் கணக்கராயிருந்த ராதாநாதரின் தொழில். அச்சிகரமே யாவற்றினும் உயர்ந்ததென்று 1852-ல் அவர் முதலில் கண்டு தெரிவித்தாரென்பது நெடுநாளாக வழங்கும் செய்தி. அது பலர் கூடிச் செய்த வேலையென்று வாதிப்போரும் உளர். பலருடைய உழைப்பை நாமும் மறுக்கவில்லை. அவ்வுழைப்பில் ராதாநாதரின் பங்கை மறைப்பதையே கண்டிக்கிறோம். 1856-ல் வா என்னும் அதிகாரி 29,002 அடியென்று உலகிற்கு அறிவித்து, தமது முன்னோரான எவரெஸ்டின் பெயரைச் சிகரத்திற்குச் சூட்டினார். 2020-ல் நேபாளமும் சீனாவும் வெளியிட்ட 8,848.86 மீட்டருக்கும் அக்கணக்கிற்கும் உள்ள வித்தியாசம் சுமார் 30 அடியே!

ராதாநாதர் கணக்கில் மட்டும் நேர்மையுடையவரல்லர். 1843-ல் டேராடூனில் ஒரு மாஜிஸ்திரேட், சர்வே கூலிகளைத் தம் மூட்டைகளைச் சுமக்கும்படி கட்டாயப்படுத்தியபோது, அவர் அம்மூட்டைகளைத் தடுத்து நிறுத்தினார். அதற்காக 200 ரூபாய் அபராதமும் ஏற்றார். ஏழைத் தொழிலாளியின் மானத்தைத் தம் மானமாகக் கொண்ட அச்செயல், சிகரக் கணக்கிற்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. 1854-ல் பியாரிசந்த் மித்திரருடன் சேர்ந்து, பெண்களும் படிக்கத்தக்க எளிய வங்காள நடையில் மாசிகப் பத்திரிகை நடத்தினார். 1862-ல் ஓய்வு பெற்று, 1870-ல் சந்திரநாகூரில் காலஞ்சென்றார்.

அவர் மறைந்த பின்னர் நிகழ்ந்ததே வருந்தத்தக்கது. 1851-ல் வெளிவந்த சர்வே நூலின் முகவுரை, அதன் கணிதப் பகுதிகள் அவருடையவையென்று நன்றியுடன் கூறிற்று. 1875-ம் வருஷப் பதிப்பிலோ அந்நன்றியுரை இல்லை. எழுத்து மட்டும் இருந்தது. ஆங்கிலேயப் பத்திரிகையாகிய ப்ரெண்ட் ஆப் இண்டியாவே 1876-ல் அதைக் கண்டித்தது.

சிகரத்தின் பெயரை மாற்றுக என்று நாம் கேட்கவில்லை. மலைக்குப் பெயர் எதுவாயினும் அதன் உயரம் குறையாது. ஆனால், உழைத்தவன் பெயரை ஏட்டிலிருந்து நீக்கும் தேசத்தின் உயரம் குறையும். அக்குறையைத் தீர்ப்பது, பாடப் புத்தகம் எழுதுவோரும் அதைப் போதிப்போரும் இன்றே செய்யக்கூடிய காரியமாகும்.