பதினைந்து ரூபாய் ராபின்



மதுரை ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு கறுப்பு நாய் இருக்கிறது. பெயர் மணி. யார் வீட்டு நாய் என்று சொல்ல முடியாது. தெருவுக்கே சொந்தம். இரவில் புது ஆள் யாராவது தெருவுக்குள் வந்தால் போதும், ஊரையே எழுப்பிவிடும். அப்படிப்பட்ட மணி, சென்ற தீபாவளியன்று சரவெடிச் சத்தம் கேட்டதும் சைக்கிள் கடைப் பலகைக்கு அடியில் புகுந்து நடுநடுங்கிக் கொண்டிருந்தது. அதைப் பார்த்து நான்கைந்து சிறுவர்கள் பயந்தாங்கொள்ளி மணி என்று கைதட்டிச் சிரித்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற வாத்தியார். வாய் சும்மா இருக்குமா? எல்லோரையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு பெரிய வேட்டைக்காரரைப் பற்றியும் அவருடைய நாயைப் பற்றியும் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன். இது கட்டுக்கதை அல்ல, நடந்தது.

அந்த வேட்டைக்காரரின் பெயர் ஜிம் கார்பெட். இமயமலை அடிவாரத்தில் நைனிடால் என்று ஓர் ஊர் இருக்கிறது அல்லவா? அங்கே 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி பிறந்தார். ஆங்கிலேயக் குடும்பம் என்றாலும் பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்த்தது எல்லாம் நம் நாட்டில்தான். அப்பா நைனிடாலில் அஞ்சல் அதிகாரி. ஜிம் சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பெரிய குடும்பம். அம்மாதான் பாடுபட்டு எல்லோரையும் வளர்த்தார்.

குளிர்காலத்தில் அந்தக் குடும்பம் மலையை விட்டு இறங்கிக் காலாதுங்கி என்ற ஊருக்கு வந்துவிடும். சுற்றிலும் காடு. ஜிம்முக்கு அந்தக் காடுதான் இரண்டாவது பள்ளிக்கூடம். எந்தப் பறவை எதற்காகக் கத்துகிறது, மண்ணில் பதிந்த கால்தடம் யாருடையது, அது எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பறவை, விலங்குகளைப் போலவே குரல் கொடுக்கவும் பழகினார். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி எப்படி இருந்தது தெரியுமா? இரட்டைக் குழலில் ஒன்று வெடித்துப் பிளந்து போயிருந்தது. பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள்!

ஜிம்முக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு பெரிய ஆபத்து வந்தது. அவரையும் நான்கு வயதுத் தம்பியையும் ஒரு பெண் கரடி ஆத்திரத்தோடு தாக்க வந்தது. அப்போது ஒரு வயதான நாய் குறுக்கே வந்து இரண்டு பேரையும் காப்பாற்றியது. அந்த நாயின் பெயர் ராபின். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரப்போகிறது.

வளர்ந்ததும் ஜிம் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்ற இடத்தில் சரக்குகளை ஏற்றி இறக்கும் பொறுப்பை 20 ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார். இதற்கிடையில் அவருக்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. குமாயுன் மலைக் கிராமங்களில் மனிதர்களைக் கொல்லும் புலிகளும் சிறுத்தைகளும் நடமாடின. மக்கள் வயலுக்குப் போகவும் விறகு பொறுக்கவும் அஞ்சினார்கள். அரசு ஜிம் கார்பெட்டைக் கூப்பிட்டது.

1907இல் அவர் சம்பாவத் என்ற ஊரில் சுட்ட பெண் புலி, 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. நம் பள்ளிக்கூடங்களில் காலை வணக்கக் கூட்டத்தில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அத்தனை பேர்! புலி செத்ததும் கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ ஒரு மனிதன் சுட்ட குண்டினால் வந்த காயம் அது. பல் போன புலியால் மானைப் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் எளிதில் பிடிபடும் மனிதனைத் தேடியது.

அப்படியானால் முதல் தவறு யாருடையது? யோசித்துப் பாருங்கள். காயம்பட்ட புலி, முள்ளம்பன்றியின் முள் குத்திப் புண்ணான புலி, கிழட்டுப் புலி, இவைதான் பெரும்பாலும் மனிதனிடம் வருகின்றன என்று கார்பெட் கண்டறிந்தார். ஒரு விலங்கைக் கெட்டது என்று சொல்வதற்கு முன்னால், அது ஏன் அப்படிச் செய்தது என்று பார்ப்பது அவர் வழக்கம்.

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம்.

ஒருநாள் நல்ல குளிர். தெரிந்தவர் ஒருவர் நாய்க்குட்டி வாங்கப் போனபோது கார்பெட்டும் கூடப் போயிருந்தார். ஓர் அழுக்குக் கூடையில் ஏழு குட்டிகள். கார்பெட்டுக்கு நாய் வாங்கும் எண்ணமே கிடையாது. ஆனால் ஏழில் மிகவும் சிறியதும் எலும்பும் தோலுமாக இருந்ததுமான ஒரு குட்டி, நேரே வந்து அவரை ஒருமுறை சுற்றிவிட்டு, அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே சுருண்டு படுத்துக்கொண்டது. விடுவாரா அவர்? தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். குட்டி அவர் முகத்தை நக்கியது. தாங்க முடியாத நாற்றம்! ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தார். விலை 15 ரூபாய்.

குட்டிக்கு வைத்திருந்த பழைய பெயர் பின்ச்சா. வீட்டுக்கு வந்ததும் வயிறார உணவு, வெந்நீர்க் குளியல், புதுப் பெயர் எல்லாம் கிடைத்தன. என்ன பெயர் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆமாம், ராபின்! தன் உயிரைக் காத்த பழைய நண்பனின் பெயரையே வைத்தார். கார்பெட் அவனை நண்பன் என்றே நினைத்ததால், நானும் இனி அவன் என்றே சொல்கிறேன்.

ராபின் மோப்பத்தில் கெட்டிக்காரன். காட்டில் அடிபட்ட விலங்கு எங்கே போய்ப் பதுங்கியது என்று கண்டுபிடித்துச் சொல்வான். காயம்பட்ட சிறுத்தையை அப்படியே விட்டுவிட்டு வந்தால், மறுநாள் புல் அறுக்க வருகிறவர்களுக்கு ஆபத்து அல்லவா? அதனால் அதைத் தேடிப் போயே ஆக வேண்டும். அப்படி ஒருமுறை இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து இருவரும் போனார்கள். திடீரென்று சிறுத்தை உறுமிக்கொண்டு பாய்ந்து வந்தது. அந்தப் பயங்கர ஓசையைக் கேட்டதும் ராபின் ஓடிவிட்டான். அவன் கார்பெட்டைத் தனியே விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

இதைத்தான் நான் அந்தச் சிறுவர்களிடம் கேட்டேன். ராபின் கோழையா?

கார்பெட் அப்படி நினைக்கவில்லை. பாய்ந்து வரும் சிறுத்தையின் உறுமல் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். புலிக்கே அஞ்சாத யானைகள் அதைக் கேட்டு மிரண்டு ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். ராபின் மீது அவருடைய அன்பு கொஞ்சமும் குறையவில்லை. அதற்குப் பிறகும் இருவரும் சேர்ந்தே காட்டுக்குப் போனார்கள். பவல்கர் என்ற இடத்தில் வாழ்ந்த மிகப் பெரிய புலியைத் தேடிய போதும் ராபின் உடன் இருந்தான். பயந்து ஓடியவனை நம்பி மீண்டும் கூட்டிப் போனாரே, அந்த நம்பிக்கைதான் நட்பு!

1944இல் கார்பெட் எழுதிய முதல் புகழ்பெற்ற புத்தகம் வெளிவந்தது. குமாயுனின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றிய புத்தகம். அதில் புலிகளுக்கு நடுவே ராபினுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவன் வீரத்தை எழுதியவர், ஓடிப் போனதையும் மறைக்காமல் எழுதினார். அதை எழுதும்போது ராபினுக்குப் பதின்மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 15 ரூபாய்க்கு வாங்கிய அவனை, இந்தியாவில் உள்ள தங்கத்தையெல்லாம் கொட்டிக் கொடுத்தாலும் விற்க மாட்டேன் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்.

வயது ஏற ஏறக் கார்பெட் துப்பாக்கியைவிடக் கேமராவை அதிகம் விரும்பினார். புலிகளைத் திரைப்படமாக எடுத்தார். காடும் புலியும் அழிந்துவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அந்தப் பகுதியில் உருவானபோது அதற்கு அவருடைய உதவியும் இருந்தது. 1947இல் தன் அக்கா மேகியுடன் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவுக்குப் போனார். அங்கே 1955 ஏப்ரல் 19 அன்று காலமானார். பின்னர் அந்தத் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. புலிகளைக் காப்பாற்றும் திட்டம் 1973இல் தொடங்கியதும் அங்கேதான். காலாதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

குழந்தைகளே, ராபினைப் பற்றிய அத்தியாயத்தை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். கார்பெட்டின் புத்தகங்கள் தமிழிலும் வந்திருக்கின்றன. மதுரைப் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை. 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மற்றவர்கள் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கேளுங்கள்.

ராபினைப் பிடித்துப் போனால் இன்னும் மூன்று நண்பர்கள் காத்திருக்கிறார்கள். ஜாக் லண்டன் 1903இல் எழுதிய பக் என்ற நாயின் கதை ஒன்று. அதைப் பெ. தூரன் கானகத்தின் குரல் என்று தமிழாக்கியிருக்கிறார். அன்னா சூவெல் 1877இல் எழுதிய பிளாக் பியூட்டி இன்னொன்று. ஒரு குதிரையே தன் கதையைச் சொல்லும். மூன்றாவது, நம் வங்காளத்தில் பிறந்த தன் கோபால் முகர்ஜி எழுதிய புறாவின் கதை. அது 1928இல் அமெரிக்காவில் சிறந்த குழந்தை நூலுக்கான நியூபெரி பரிசு பெற்றது. சிறியவர்கள் அப்பா, அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, மணி என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? நாய்க்கு நம்மைவிடக் காது கூர்மை. நமக்கே காதைப் பொத்தத் தோன்றும் வெடி, அதற்கு எப்படி இருக்கும்? இதைச் சொன்னதும் சிறுவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவன், மீதி இருந்த சரவெடியை எடுத்துக்கொண்டு வைகைக் கரைப் பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து மணி பலகைக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது. பிறகு மெல்ல வெளியே வந்து, எங்கள் திண்ணைக்குக் கீழே படுத்துக்கொண்டது.