வரப்பைப் பார்த்துத் தைத்த ஆனந்தர்

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளைகின்றன. வரப்புமேல் நடந்தே பள்ளிக்கு வருபவர்கள் எங்களில் உண்டு. அந்த வரப்பைப் பார்த்து ஒருவர் துணி தைத்தார் என்றால் நம்ப முடிகிறதா? தையற்கடை வெட்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்து எங்கள் வகுப்பு ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அவருடைய வரலாற்றைப் படித்தோம். அவரே புத்தர் பெருமானின் அணுக்கத் தொண்டர் ஆனந்தர்.

கபிலவஸ்துவின் சாக்கிய குலத்தில் பிறந்த ஆனந்தர், புத்தருக்குச் சிற்றப்பன் மகன் முறை. துறவு பூண்டு, பின்னர் 25 ஆண்டுகள் புத்தருக்கு நிழல்போல் பணி செய்தார். அப்பணியை ஏற்குமுன் அவர் சில நிபந்தனைகள் விதித்தார் என்பர். அவற்றுள் ஒன்று, புத்தருக்கு வரும் நல்ல ஆடைகளைத் தமக்குத் தரக்கூடாது என்பது. ஆடைக்கு ஆசைப்பட்டுப் பணி செய்கிறார் என்று எவரும் சொல்லிவிடக் கூடாதல்லவா!

தொடக்கத்தில் பிக்குகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த கந்தல்களைப் பொறுக்கித் தைத்து உடுத்தினர். பின்னர் மருத்துவர் ஜீவகர் வேண்டியதால், இல்லறத்தார் தரும் துணியையும் ஏற்கலாம் என்றாயிற்று. முழுத் துணி என்றால் விலை உண்டு. திருடர் கண்ணும் படும். ஒருநாள் மகத நாட்டில் செல்லும்போது, பாத்தி பாத்தியாக, நீள வரப்பும் குறுக்கு வரப்புமாகக் கிடந்த வயல்களைப் புத்தர் கண்டார். இதுபோல் ஆடை அமைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டார்.

ஆனந்தர் அமைத்தே காட்டினார். ஒரு நீளத் துண்டு, ஒரு குட்டைத் துண்டு; இரண்டுக்கும் நடுவே வரப்புபோல் ஒரு குறுக்குத் தையல். இப்படி ஒரு பட்டை. இத்தகைய பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து நீள வரப்புகளால் இணைக்க வேண்டும். பட்டைகள் ஐந்துக்குக் குறையக்கூடாது. கழுத்தில் உரசும் இடத்திலும் காலில் படும் இடத்திலும் தனி ஒட்டு. எங்கே முதலில் கிழியும் என்று அறிந்தவர்தாம் இப்படி எண்ணியிருக்க முடியும். சுருங்கச் சொன்னதை விரிவாகப் புரிந்துகொண்டார் என்று புத்தர் அவரைப் பாராட்டினார். இன்றும் இலங்கைப் பிக்குகளின் ஆடையில் இவ்வரப்புகளைக் காணலாம். ஜப்பானில் 25 பட்டைகள் வரை வைத்துத் தைக்கிறார்கள்.

பெண்களுக்காக வாதாடியவரும் இவரே. புத்தரை வளர்த்த மகாபிரஜாபதி கோதமி தானே நூற்றுத் தானே நெய்த துணியைக் கொண்டுவந்தபோது, அதை ஏற்றுக்கொள்ளுமாறு ஆனந்தர் பரிந்து பேசினார். அந்த அம்மையார் துறவு வேண்டி, கால் வீங்க, உடலெல்லாம் புழுதியாக வைசாலிக்கு நடந்து வந்து வாசலில் அழுது நின்றபோதும் அவரே உள்ளே சென்று மன்றாடினார். பிக்குணிச் சங்கம் பிறந்தது.

புத்தர் மறைந்தபின் இராசகிருகத்தில் பெரியோர்கள் கூடினர். கேட்டவற்றையெல்லாம் மனப்பாடமாக ஆனந்தர் ஒப்பித்தார். அங்கேயே அவர்மீது குற்றங்களும் சாட்டப்பட்டன! பெண்களுக்காக வாதாடியது ஒரு குற்றம். புத்தரின் மழைக்கால ஆடையைத் தைக்கும்போது அதைக் காலால் மிதித்தார் என்பது இன்னொன்று. அவமதிப்பால் அப்படிச் செய்யவில்லை என்றார் ஆனந்தர். தவறெனத் தமக்குத் தோன்றாவிட்டாலும், பெரியோர்மீதுள்ள மதிப்பால் ஒப்புக்கொண்டார்.

எங்களுக்கு இதில் பெரிய வருத்தம். சாட்டியவர்கள் ஊசி பிடித்துப் பழகாதவர்களோ? போர்வை தைக்கும்போது துணி நழுவாமலிருக்க மறுமுனையைப் பிடிக்க ஒருத்தி வேண்டும். அவள் வராத நாளில் நாங்கள் கால் கட்டைவிரலால்தான் அழுத்திக்கொண்டோம். ஆனந்தருக்கும் அன்று துணைக்கு ஆள் இல்லை போலும்.

அதன்பின் அவர் கோசாம்பி சென்றார். தமிழில் பெருங்கதையின் தலைவனாக வரும் உதயணன் அங்கே அரசன். அவனுடைய தேவியர் ஆனந்தருக்கு 500 மேலாடைகள் வழங்கினர். துறவி துணிக்கடை வைக்கப் போகிறாரா என்று அரசனுக்குக் கோபம். நேரில் வந்தே கேட்டான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்பதாகச் சொன்னார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும். பழைய உறைகள் தரைவிரிப்பாகும். அதுவும் பழசானால் கால் துடைக்கும் துணி. பிறகு தூசு தட்டும் துணி. அதுவும் நைந்தால்? நறுக்கி, சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்றார்.

அரசனுக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. மகிழ்ந்து இன்னும் 500 ஆடைகளைக் கொடுத்தான். அவற்றை எண்ணி, மடித்து, யார் யாருக்கு என்று பிரிக்கும் வேலையும் ஆனந்தர் தலையில்தான் விழுந்திருக்கும்!