உறையில் நாள் குறித்த லாரா அம்மையார்

சென்ற கோடையில் உறவினர் குழந்தைகளுடன் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் சென்றிருந்தோம். ஏழடிப்பட்டத்தில் நம் முனிவர் பெருமக்கள் நோன்பிருந்த கற்படுக்கைகளை வணங்கி, அறிவர் கோயிலின் தாமரைத் தடாக ஓவியத்தையும் கண்டு, கீழே மர நிழலில் அமர்ந்தோம். அப்போது சிறுவன் ஒருவன் உருளைக்கிழங்கு வறுவல் உறையொன்றை வெளியே எடுத்தான். கிழங்கு நமக்கு ஆகாதே என்று நாம் வாய் திறக்குமுன், அவன் தமக்கை அதை வாங்கிப் பார்த்து, உண்ணத்தக்க நாள் கடந்துவிட்டது என்றாள். உறை குப்பைக் கூடைக்குப் போயிற்று. நம் அறிவுரை செய்திருக்க வேண்டியதை அச்சிட்ட நாள் செய்து முடித்தது! உறையின் மேல் நாள் குறிக்கும் வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவர் யார் என்று அப்பெண் கேட்டாள். அவ்வழக்கத்தைத் தொடங்கிய முன்னோடி என்று போற்றப்படுபவர் லாரா ஸ்கட்டர் என்னும் அமெரிக்க அம்மையார்.

கிழங்கு வறுத்து விற்றவர் வரலாறு நம் இதழுக்கு எதற்கு என்று பெரியோர் கேட்கக்கூடும். ஓருடலில் எண்ணிறந்த உயிர்கள் உறைவதால் கிழங்கை விலக்குகிறோம். அதை அகழ்கையில் மண்ணுயிர்களும் மாள்கின்றன. இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் உணவுக்குக் கால வரம்பு கட்டியவர்களும் நம் முன்னோரே. அரைத்த மாவை மழைக்காலத்தில் 3 நாளும், வேனிலில் 5 நாளும், பனிக்காலத்தில் 7 நாளுமே வைத்துண்ணலாம் என்பது நம் ஆசார நூல்களின் விதி. நமக்குத் தொடர்பே இல்லாத நாட்டில் ஒருவர் வேறு வழியாக அதே எண்ணத்தை அடைந்தார் என்றால் அறிந்துகொள்வதில் தவறில்லை.

அம்மையார் 1881ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறந்தார். இயற்பெயர் லாரா கிளஃப். செவிலியாகப் பணியாற்றிய காலத்தில் சார்லஸ் ஸ்கட்டர் என்பவரை மணந்தார். பின்னர் இருவரும் கலிபோர்னியா மாநிலத்தின் யுகையா நகருக்குக் குடிபெயர்ந்து உணவு விடுதி நடத்தினர். விடுதிக்கு வரும் வழக்குரைஞர்களின் உரையாடல் அவருக்குச் சட்டத்தில் ஆர்வமூட்டியது. அடுப்படி வேலைக்கிடையே படித்து, 1918இல் வழக்குரைஞர் தேர்வில் வென்றார். அந்நகரின் முதல் பெண் வழக்குரைஞர் அவரே என்பர். மக்கள் நால்வரை வளர்த்துக்கொண்டே இதைச் செய்தார் என்பதை நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டும்.

1920 அளவில் குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகிலுள்ள மான்டெரே பார்க்கில் குடியேறிப் பெட்ரோல் நிலையம் ஒன்றை நடத்தலாயிற்று. அதன் பக்கத்திலேயே 1926இல் வறுவல் தொழில் தொடங்கியது. அக்காலத்தில் வறுவலைப் பீப்பாயிலும் கண்ணாடிப் பெட்டியிலும் கொட்டி வைத்து, கடைக்காரர் அள்ளிக் கொடுப்பார். மேலே இருப்பது மொறுமொறுப்பாக இருக்கும். அடியில் கிடப்பதோ நமுத்து, நொறுங்கி, எண்ணெய் காறி, வாயில் வைக்க முடியாது. முறுக்குப் பானையை மூட மறந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

கெடுப்பவை காற்றும் ஈரமும் என்பதை அம்மையார் உணர்ந்தார். தம்மிடம் வேலை பார்த்த பெண்களிடம் மாலையில் மெழுகுத்தாள்களைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் இரவில் வீட்டில் அமர்ந்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களை அழுத்தி ஒட்டிப் பைகளாக்கினர். உருகிய மெழுகே பசையாயிற்று. மறுநாள் பைகளில் வறுவலை நிரப்பி, வாயையும் அவ்வாறே மூடினர். பெரிய இயந்திரமோ அறிவியற் கூடமோ இதற்குத் தேவைப்படவில்லை. வறுவல் புதிதாக இருப்பதை வாங்குவோர் அறியட்டும் என்று பையின் மேல் நாளையும் குறித்தார். விற்காத பழஞ்சரக்கைப் புதியதென்று தள்ளிவிடும் வழியைத் தமக்குத் தாமே அடைத்துக்கொண்ட செயல் அது. வணிகத்தில் பொய்யாமை எவ்வளவு கடினம் என்பதைக் கடை நடத்துவோர் அறிவர்.

பெண் என்பதால் இடையூறுகளும் வந்தன. சரக்கு வண்டிக்குக் காப்பீடு தர ஆடவர் எவரும் முன்வரவில்லை. இறுதியில் ஒரு பெண் முகவர் இசைந்தார். பிற்காலத்தில் வண்டிகள் பெருகியபோதும் அவற்றுக்கெல்லாம் அம்முகவரிடமே காப்பீடு பெற்றார் அம்மையார். வறுவலோடு கடலை வெண்ணெய் முதலியனவும் சேர்ந்தன. கடிக்கையில் எழும் ஓசையையே விளம்பரமாக்கி, அந்நிறுவனம் கலிபோர்னியா வறுவல் வணிகத்தில் பாதிக்கு மேல் பிடித்தது.

நம்மை இதை எழுதத் தூண்டியது பின்வரும் செய்தியே. நிறுவனத்தை 90 இலட்சம் டாலருக்கு வாங்க ஒருவர் வந்தார். தொழிலாளரை வேலையில் தொடர்ந்து வைத்திருப்பதாக உறுதி தருமாறு அம்மையார் கேட்டார். உறுதி கிடைக்கவில்லை. அவர் விற்க மறுத்துவிட்டார். 1957இல் சிக்னல் எண்ணெய் நிறுவனம் அவ்வுறுதியைத் தந்தது. அதற்கு 60 இலட்சம் டாலருக்கே விற்றார். முப்பது இலட்சம் டாலரை விட்டுக்கொடுத்தார் என்று கணக்குப் பார்ப்பவர் சொல்வர். மிகுபொருள் விரும்பாமை என்னும் நம் விரதத்தை அவர் கேட்டறிந்திருக்க வாய்ப்பில்லை. நாம் கேட்டறிந்திருக்கிறோம். அந்த முப்பது இலட்சம் நம் முன் வைக்கப்பட்டால் என்ன செய்திருப்போம் என்று எண்ணியபோது நமக்கு விடை எளிதாக வரவில்லை.

விற்ற பின்னும் நிறுவனத்தைத் தாமே நடத்திய அம்மையார் 1959இல் காலமானார். 1987இல் போர்டன் நிறுவனம் அதை வாங்கிற்று. பின்னரும் பெயர் பல கை மாறியது.

அடுத்த முறை சித்தன்னவாசல் செல்கையில் வாழைக்காய் வறுவலை வீட்டிலேயே செய்து கொண்டுபோவது என்று முடிவாகியிருக்கிறது. டப்பாவின் மேல் நாள் எழுதி ஒட்டும் பொறுப்பை அப்பெண் ஏற்றுக்கொண்டாள்.